நாலு கை பார்க்காத நாள்

போன மாதம் சுகாதாரப் பணியாளர்கள் ஒரு கூட்டம் வைத்து என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது பிறக்கும் பிள்ளைகளின் கையில் அம்மை குத்திய தழும்பு கிடையாது. அதைப் போட்ட ஆளை உயிரோடு பார்ப்பதே அவர்களுக்கு ஒரு வேடிக்கை. சால்வை போர்த்தி, பெரியம்மையை விரட்டிய கை என்று மைக்கில் சொன்னார்கள். ஒரு நர்ஸ் பெண் எழுந்து, அந்தக் காலத்தில் ஜனங்கள் ஊசிக்குப் பயந்து ஏமாற்றுவார்களா என்று கேட்டது. நான் ஒரு விவசாயி கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கூட்டத்தில் சொன்னது பாதிக் கதை. மீதியை நாற்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

எனக்குத் தொப்பம்பட்டிப் பக்கம். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம். பத்தாவது தேறியதும் அம்மை குத்தும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து எழுதிப் போட்டேன். மதுரையில் சில மாதம் பயிற்சி. ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகியதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே எனக்கு மேலே ஹெல்த் இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் சார். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். யார் வீட்டிலும் உட்கார மாட்டார். குடிக்கத் தண்ணீர் தன் பாட்டிலிலேயே கொண்டு வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் குத்தியவர் பெயர்களை எழுதும் நம் ரிஜிஸ்தரைக் கையில் வாங்கியதும் முதலில் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அந்தத் துடைப்பு முடிவதற்குள் எழுதியதை எல்லாம் மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம். பிறகு பத்துப் பெயரைத் தன் இஷ்டத்துக்குக் குறித்துக்கொண்டு நேரே அந்த வீடுகளுக்குப் போய் நிற்பார். என் ஊர்ப் பேச்சின் ‘ஏனுங்க’வைக் கேட்டால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வரும்.

குத்தும் முறையை அவர்தான் எனக்கு மறுபடி கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். குத்துகிற மருந்தான அம்மைப்பால் சென்னையிலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ரயிலில் வரும். சூடு பட்டால் செத்துப்போகும். ஈரமணல் போட்ட கலயத்தில் வைத்து, மேலே நனைத்த துணியைச் சுற்றித் தூக்கிப்போவேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஸ்பிரிட் தடவக் கூடாது. தடவினால் பாலும் சேர்ந்து சாகும். முனையில் பல் வைத்த சின்ன வட்டத்தகடு உள்ள கத்தியை விளக்கில் வாட்டி, ஆறவிட்டு, தோலில் ஒரு சொட்டுப் பாலை வைத்து, அதன் மேல் தகட்டை அழுத்தித் திருக வேண்டும். ரத்தம் வழியக் கூடாது, துளிர்த்தால் போதும். ஒரே கையில் இரண்டு இடம். பிறகு சொட்டு காயும் வரை செத்த நேரம் கையைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். நம் தலை மறைந்ததும் முந்தானையால் துடைத்துவிடுகிற தாய்மார் உண்டு. அதனால் காயும் வரை நாமும் அங்கேயே நிற்க வேண்டும். எட்டாம் நாள் திரும்பப் போய், கொப்புளம் பொங்கியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பொங்காவிட்டால் மறுபடி குத்த வேண்டும்.

கூட்டத்தில் சொன்ன விவசாயி கதை இதுதான். அய்யலூர் போகிற வழியில் ஒரு கிராமம். ஒரு வீட்டில் இரண்டு பையன்கள் என்று பேர். பெரியவனுக்குக் குத்தினேன். அடுத்ததாகச் சின்னவன் வந்தான். சட்டை வேறு, நெற்றியில் திருநீறு வேறு. நான் கத்தியை வாட்டிக்கொண்டிருந்தபோது சார் பின்னால் வந்து நின்று, அந்த விவசாயியிடம் பெரியவனையும் கூப்பிடச் சொன்னார். அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். சட்டை மாற்றி வந்து நின்றவனும் பெரியவன்தான். சின்னவன் நெல் போடும் குதிருக்குள் உட்கார்ந்திருந்தான். சார் கோபிக்கவில்லை. அவரே அவனை வெளியே தூக்கி, தலையில் இருந்த உமியைத் தட்டிவிட்டு, கத்தியை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, பிறகு என்னைக் குத்தச் சொன்னார். ஊர் எல்லை தாண்டியதும் என்னிடம் சொன்னார்:

“ரெண்டு பேருன்னா நாலு கையும் ஒண்ணா உன் கண்ணுக்குத் தெரியணும் தம்பி. திரை போட்ட வீடா இருந்தாலும் அதான் வழி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நீட்டணும். நீட்டலைன்னா எழுதாம வந்துரு. குத்தாம விட்ட வீட்டுக்கு நாளைக்குப் போகலாம். குத்தியாச்சுன்னு எழுதுன வீட்டுக்கு அப்புறம் எவனும் போக மாட்டான்.”

இதற்கு மேல் ஒருவருக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? என்னிடம் தெளிவாகத்தான் சொல்லப்பட்டது. எனக்குத் தெளிவாகத்தான் புரிந்தது.

அது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தெருவில் பெரியம்மை கண்டது. வெளியூரிலிருந்து வந்த ஒரு உறவுக்காரரிடமிருந்து வந்தது என்றார்கள். அடுத்த தெருக்களில் எல்லாம் உடனே குத்தி முடிக்க வேண்டும் என்று சார் என்னை அனுப்பினார். சாயங்காலம் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். நல்ல வெயில் காலம். அன்று நான் போன தெருவில் பலருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். தெருவுக்கே முன்மாதிரியாக முதலில் சட்டையைக் கழற்றியவர் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த ஒரு ராவுத்தர்.

அவர் வீட்டில் நாலு பேர். அவர், மகன், மருமகள் ஜொகரா, மகள் பல்கீஸ். மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகளுக்கு இன்னும் இருபத்தைந்து நாளில் கல்யாணம். அவருக்கும் மகனுக்கும் குத்தி முடித்தேன். மகன் வேலைக்குக் கிளம்பிப் போனார். எனக்கு நன்னாரி சர்பத் கொடுத்துவிட்டு ராவுத்தர் வாசலில் பந்தல்காரரோடு பேசப் போய்விட்டார். உள் அறை வாசலில் திரை தொங்கியது. நான் இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஜொகராவைக் கூப்பிட்டேன். திரைக்கு வெளியே ஓர் இடது கை வந்தது. பழைய தழும்பு எதுவும் இல்லை. குத்தினேன், காயவிட்டேன். பிறகு பல்கீஸைக் கூப்பிட்டேன். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. கொஞ்சம் பொறுத்து ஒரு வலது கை வந்தது. இடது கையை நீட்டுவது மரியாதை இல்லை என்று வலது கையை நீட்டுகிற பெண்கள் உண்டு, அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் திரை தரையைத் தொடவில்லை. ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதில் ஒரு ஜோடிக் கால் மட்டுமே தெரிந்தது. கட்டைவிரலில் வெள்ளைத் துணிக் கட்டு. ஜொகராவுக்குக் குத்தும்போது பார்த்த அதே கட்டு. கால் விலகவில்லை, திரும்பி மட்டும் நின்றது. அறையின் கோடியிலிருந்து இன்னொரு பெண் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

“பல்கீஸ்தானுங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றது முதலில் கேட்ட அதே குரல்.

நான் குத்தினேன்.

ஏன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். கல்யாணப் பெண்ணுக்குக் கை வீங்கிக் காய்ச்சல் வந்து, பொருக்கோடு மணவறையில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும் என்று அந்த வீட்டுப் பெண்கள் நினைத்திருப்பார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. கல்யாண வீட்டில் எதற்கு வம்பு என்று நானும் நினைத்தேன். அப்படி விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை என்றுகூட எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. சரி, இவை எல்லாம் ஓரளவு உண்மை. முழு உண்மை இதைவிட அற்பமானது. இன்னும் பன்னிரண்டு வீடு பாக்கி இருந்தது. சாயங்காலம் சார் வரும்போது தெரு முடிந்திருக்க வேண்டும், அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். அன்று அவர் குறித்த பத்துப் பெயரில் அந்த வீடு இல்லை. ‘பரவாயில்லையே’ என்றும் சொன்னார்.

எட்டாம் நாள் போனேன். திரைக்கு வெளியே முதலில் இடது கை, பிறகு வலது கை. இரண்டிலும் கொப்புளம் அழகாகப் பொங்கியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டு கையும் ஒட்டிப் பிறந்த அக்கா தங்கச்சி மாதிரி இருக்கிறதே என்று கேலி பண்ணினேன். வலது கை சட்டென்று திரைக்குள் போனது. பிறகு ஜொகரா மெதுவாகச் சொன்னார்:

“கல்யாணம் முடியட்டுங்க. மறுநாளே அவ கைய நானே பிடிச்சு நீட்ட வைக்கிறேன். மாமாகிட்டச் சொல்லிறாதீங்க.”

சரிங்க என்று சொல்லி இரண்டு பெயருக்கு நேரேயும் பொங்கியது என்று எழுதினேன். முதல் நாள் நடந்ததை வேண்டுமானால் அவசரம் என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது? அன்றும் கலயத்தில் பால் இருந்தது. ராவுத்தரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே மகளைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பார்.

ஒரு வாரம் கழித்து ராவுத்தர் ஆபீசுக்கே வந்தார். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இன்று முகத்தில் முத்துப் போட்டிருக்கிறது, அம்மை குத்திய பிள்ளைக்கு வந்தால் அது சின்னம்மையாகத்தானே இருக்கும் என்று கேட்டார். முகத்தில் பெரிய கவலை இல்லை. என் எழுத்தை நம்பிய முகம். அவரோடு போனேன்.

அன்றுதான் பல்கீஸின் முகத்தை முதல் தடவை பார்த்தேன். நோய் வந்தபின் திரைக்கு என்ன வேலை? பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். சின்னம்மை என்றால் முத்து உடம்பில்தான் அதிகம், முகத்தில் குறைவு. ஒன்று பழுத்தும் ஒன்று இளசாகவும் இருக்கும். இங்கே முகத்திலும் கையிலும்தான் நெருக்கம், எல்லாம் ஒரே பருவம். உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. உள்ளங்கையில் பார்த்தபின் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பக்கத்தில் ஜொகரா உட்கார்ந்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் பொருக்கு. அவர் என் முகத்தையே பார்த்தார்.

ராவுத்தர் கேட்டபோது, ஒரு நாள் பார்க்கலாமுங்க என்றேன். அன்று மட்டும் அந்த வீட்டுக்கு எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாண வீடு அது.

மறுநாள் சாரை அழைத்துப் போனேன். பார்த்த உடனே பெரியம்மை என்று சொல்லிவிட்டார். அப்போது இதற்கு மருந்து என்று ஒன்று கிடையாது. தனியாக வைக்க வேண்டும், கண்ணையும் வாயையும் சுத்தமாக வைக்க வேண்டும், கஞ்சித் தண்ணீர் இறங்கினால் கொடுக்க வேண்டும், துணிகளைக் கொதிக்கவைக்க வேண்டும். இதை எல்லாம் நிறுத்தி நிதானமாக ஜொகராவிடம் சொன்னார். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் அறைக்குள் போக வேண்டாம், இந்த அம்மாவுக்கு இரண்டு கையிலும் பொங்கியிருக்கிறது, இவர் மட்டும் போதும் என்றார். ‘இரண்டு கையிலும்’ என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அந்தப் பெண்ணின் கையில் நான் குத்தியதாக எழுதிய வடுவைத் தேடினார். தேட அங்கே ஓர் அங்குல இடம்கூட வெறுமையாக இல்லை.

தெருவுக்கு வந்ததும் குடையை விரிக்காமல் நின்றார்.

“நாலு கையும் ஒண்ணாப் பாத்தியா தம்பி?”

“பாத்தேனுங்க சார்.”

கண்ணாடியைத் துடைக்காமலே என்னைப் பார்த்தார். அப்படியென்றால் பாலில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று, அந்தக் குழாய்களின் நம்பரைக் குறித்துச் சென்னைக்கு எழுதினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஐந்தாம் நாள் பல்கீஸ் இறந்துபோனாள். நோய்க்குப் பயந்து ஜனாஸா தொழுகைக்குக்கூட அதிகம் பேர் வரவில்லை. பந்தலுக்குக் கொண்டுவந்து இறக்கிய மூங்கில் வாசலில் அப்படியே கிடந்தது.

அதற்கு அப்புறம்தான் நான் செய்ததன் முழு அளவு தெரிந்தது. அதுவரை நாங்கள் குத்தப் போகாத பின் தெருவில் இரண்டு பேருக்கு முத்துப் போட்டுவிட்டது. அங்கேயும் அதைச் சுற்றிய தெருக்களிலும் குத்தியே ஆக வேண்டும். ஆனால் ஒரு கதவும் திறக்கவில்லை. குத்திய பிள்ளைக்கே வந்து செத்துப்போனதே, பிறகு எதற்கு இந்த ரணம் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? அவர்களுக்குக் கிடைத்த சாட்சி அது. பிள்ளைகளைக் கொண்டு வெளியூர் உறவினர் வீட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். கிளம்புகிற இடத்துக்கெல்லாம் நோயும் சேர்ந்து போகும் என்று சார் வீடு வீடாக நின்று கும்பிட்டுச் சொன்னார். யார் வீட்டு வாசலிலும் உட்காராத அந்த மனிதர் அன்று வெயிலில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை சொன்னால் கதவுகள் திறக்கும் என்று எனக்குத் தெரியும். கலயத்தைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

அந்த வார்த்தையை ஜொகரா சொன்னார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டிலிருந்து அந்தத் தெருவுக்கே வந்துவிட்டார். பெண்கள் ஜன்னல்களில் இருந்தார்கள். இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே காட்டினார்.

“அவளுக்குக் குத்தல. அவ பேருக்கும் நாந்தான் கைய நீட்டுனேன். ரெண்டும் என் கைதான், பாருங்க. குத்துன நான் அவ பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன், எனக்கு ஒண்ணும் வரல. குத்தாத அவ போயிட்டா. உங்க பிள்ளைகளுக்குக் குத்திக்கோங்க.”

என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். முதலில் அவர் நின்ற இடத்துக்கு எதிரே இருந்த வீட்டுக் கதவு திறந்தது. அந்தியில் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அந்தத் தெரு முழுவதும் குத்தி முடித்தேன். இந்தத் தடவை நாலு கை, ஆறு கை, எட்டுக் கை என்று எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. திரும்பும்போது சார் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். என் மேல் சந்தேகப்பட்டதற்கு வருத்தப்பட்டார். திரைக்குப் பின்னால் ஏமாற்றினால் நாம் என்ன செய்ய முடியும், அடுத்த தடவை ஜாக்கிரதையாக இரு என்றார். அந்த டீயை நான் குடித்தேன்.

பேகம்பூரில் அதோடு நோய் அடங்கியது. எனக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. அதை வைத்துத்தான் பின்னால் எனக்குப் பிரமோஷனும் வந்தது.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் ராவுத்தர் என் அறைக்கு வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். மருமகளை மகன் நத்தம் பக்கத்தில் அவள் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். தங்கையைக் கொன்றவளோடு வாழ மாட்டேன் என்கிறாராம்.

“அந்தப் பிள்ள போகையில ஒரு வார்த்த சொல்லுச்சு. இது உங்களுக்கும் தெரியும்னு சொல்லுது. எட்டாம் நாளே பேசிக்கிட்டோம்னு சொல்லுது. தெரிஞ்சிருந்தாச் சொல்லுங்க தம்பி. நான் உங்க ஆபீஸ்ல போயி எதுவும் சொல்ல மாட்டேன். என் மகன்கிட்ட மட்டும் சொல்லி, நாளைக்கே போயி அவளக் கூட்டியாந்துருவேன். படிச்ச மனுசனே சரின்னு விட்டாருன்னா, இவ என்னடா செய்வான்னு கேப்பேன். அம்புட்டுப் பாரத்தையும் ஒரு பொம்பளப் பிள்ள தலையில ஏத்த வேணாம்னு பாக்குறேன்.”

அவர் வார்த்தை மீறுகிற ஆள் இல்லை. வெளியே சொல்லமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். வேலை போகும் என்ற பயத்துக்குக்கூட அங்கே இடமில்லை. அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். “அப்ப அது பொய்யும் சொல்லுது” என்றார். கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படி இறங்கினார்.

ஜொகரா அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ராவுத்தர் காலமாகி நெடுநாள் ஆகிறது. மகன் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் கண்ணில் இது பட்டால் போதும். ஜொகரா பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.